உஷார்! ஹைட்ரோவை நிறுத்தும் பொறுப்பை அக்சலரோமீட்டர் போர்டிடம் கொடுக்காதீர்கள்

பிராஜெக்டுக்காகச் சாயப்பட்டறைக்குள் போகிற மாணவர்களே, "நம்ம பையன் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறான், என்னமோ செஞ்சு மாட்டட்டும்" என்று விட்டுவிடும் ஓனர்களே, இதை இன்றே படியுங்கள். ஈரத்துணியைச் சுழற்றித் தண்ணீரை வெளியேற்றும் ஹைட்ரோவில் அக்சலரோமீட்டர் போர்டை ஒட்டி அதிர்வை அளந்து பார்ப்பதில் தவறில்லை. அந்தப் போர்டின் ரிலேயை மோட்டாரின் ஸ்டாப் லைனில் கோத்துவிட்டு, "ஆட்டம் கண்டா இதுவே நிறுத்திடும்" என்று நம்பி ஆளைப் பக்கத்தில் நிறுத்துகிறீர்களே, அதுதான் ஆபத்து.

ஹைட்ரோவின் கூடை 1 மீட்டர் விட்டம், நிமிடத்துக்கு 900 சுற்று என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். ஈரத்துணியைச் சமமாகப் பரப்பாமல் திணித்ததில் ஒரு பக்கம் 1 கிலோ கூடிவிட்டால் போதும். அந்த ஒரு கிலோ கூடையை வெளியே இழுக்கும் விசை சுமார் 450 கிலோ எடைக்குச் சமம். அந்த இழுப்பு நொடிக்கு 15 முறை சுற்றிச் சுற்றி வந்து பேரிங்கையும் அஸ்திவார போல்ட்டையும் அசைக்கிறது. சுழலும் கூடையின் வேகம் பாதுகாப்பான அளவைத் தாண்டக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 30-ஆம் பிரிவில் தனியாகவே எழுதிவைத்தது சும்மா இல்லை.

போர்டு எரிந்துபோனால்கூடத் தெரிந்துவிடும். பயப்பட வேண்டியது அது சத்தமில்லாமல் தூங்கிப்போவதற்கு. கடைகளில் அதிகம் கிடைக்கும் எம்பியு-6050, ஏடிஎக்ஸ்எல்345 சென்சார் சிப்புகள் இரண்டுமே கரண்ட் வந்தவுடன் அளக்கத் தொடங்குவதில்லை. புரோகிராம்தான் எழுப்ப வேண்டும். நீங்கள் எழுதிய புரோகிராம் ஆரம்பத்தில் ஒரே ஒரு முறை எழுப்பிவிட்டு, பிறகு அந்தப் பக்கமே திரும்பாது. பக்கத்தில் பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆகி வோல்டேஜ் ஒரு கணம் சரிந்தாலோ, அதிர்வில் ஒயர் விட்டுச் சேர்ந்தாலோ சென்சார் மட்டும் ரீசெட் ஆகித் தூங்கிவிடும். அதை வாசிக்கும் ஆர்டுயினோ போர்டு விழித்தபடி சுழியத்தை வாசித்துக்கொண்டிருக்கும். திரையில் அதிர்வு பூஜ்யம். மெஷின் அருமையாக ஓடுகிறது என்று எல்லோரும் நினைப்பார்கள். கூடை ஆடிக்கொண்டிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. அசையாமல் கிடக்கும் சென்சார்கூடப் புவியீர்ப்பை உணரும். மூன்று அச்சுகளையும் வெக்டராகச் சேர்த்தால் சுமார் 1 ஜி வர வேண்டும். உயிரோடிருக்கும் சென்சாரின் கடைசி இலக்கம் துடித்துக்கொண்டே இருக்கும். சராசரி 1 ஜியை விட்டு விலகினாலோ, ஒரே எண் மாறாமல் வந்தாலோ சென்சார் போய்விட்டது என்று அலாரம் அடிக்கும்படி எழுதுங்கள்.

சென்சாரையும் ஆர்டுயினோவையும் இணைக்கும் ஒயர் விஷயம் இன்னும் மோசம். ஐ2சி என்பது ஒரே போர்டில் உள்ள சிப்புகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வந்த ஏற்பாடு. அதை மீட்டர் கணக்கில் நீட்டி, இன்வெர்ட்டர் டிரைவ் கேபிளோடு சேர்த்துக் கட்டினால் இரைச்சல் புகுந்துவிடும். ஆர்டுயினோ ஊனோவின் வயர் லைப்ரரி அப்போது பதிலுக்குக் காத்துக்கொண்டே நின்றுவிடும். டைம்அவுட் வசதி உண்டு, ஆனால் நாமாக ஆன் செய்யாதவரை அது வேலை செய்யாது. புரோகிராம் உறைந்த நொடியில் ரிலே எந்த நிலையில் இருந்ததோ அதிலேயே கிடக்கும். பெரும்பாலும் அது "ஓடலாம்" என்ற நிலைதான். டைம்அவுட், உறைந்த புரோகிராமை மீண்டும் தொடங்கவைக்கும் வாட்ச்டாக் இரண்டையும் போட்டாலும் ரிலே கான்டாக்ட் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வீர்கள்?

அளவீடும் ஏமாற்றும். லூப்பில் 50 மில்லிசெகண்ட் டிலே வைத்தால் நொடிக்கு 20 வாசிப்புக்கு மேல் வராது. 15 ஹெர்ட்ஸ் ஆட்டம் உங்கள் கிராஃபில் 5 ஹெர்ட்ஸாகத் தெரியும். இரண்டு சிப்பும் ஆரம்பத்தில் 2 ஜி எல்லையில்தான் இருக்கும். அதைத் தாண்டும் அடி எதுவானாலும் வெட்டுப்பட்டு 2 ஜியாகவே பதிவாகும். 16 ஜிக்கு மாற்றுங்கள். டபுள் சைடு டேப்பும் சூட்டில் இளகும் ஹாட் குளூவும் அதிர்வை விழுங்கிவிடும். போர்டை ஸ்குரூ போட்டு இறுக்குங்கள்.

மாட்டும்போது மெயின் ஸ்விட்சை அணைத்துப் பூட்டுங்கள். சாவி உங்கள் பையில் இருக்கட்டும். தரையெல்லாம் ஈரம், பேனலில் 415 வோல்ட். மூடியைத் திறக்காமல் வெளி உடம்பில் ஓர் இடம் பாருங்கள். ஒயர் போக வழிவேண்டும் என்று மூடியின் இன்டர்லாக்கை ஷார்ட் செய்யவே செய்யாதீர்கள். கூடை முழுதாக நின்ற பிறகுதான் மூடி திறக்கும் என்ற அந்த ஒரு ஏற்பாட்டை நம்பித்தான் தொழிலாளி உள்ளே கைவிடுகிறார்.

ஏற்கெனவே ரிலேயைக் கோத்து வைத்திருப்பவர்கள் அடுத்த ஷிப்டுக்கு முன் கழற்றுங்கள். மெஷினோடு வந்த அதிர்வு ஸ்விட்ச், பிரேக், இன்டர்லாக் மூன்றையும் ஃபிட்டரை வைத்துச் சோதித்த பிறகு ஓட்டுங்கள். போர்டு தனியாகக் கிராஃப் போட்டுக்கொண்டிருக்கட்டும்.