கூரை போன காரின் நான்கு இரும்புக் குப்பிகள்

செவ்ரலே கமாரோ, 1967 மாடல், கன்வெர்ட்டிபிள். துணிக்கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிட்டு, தலைமுடி பறக்க ஓட்டுகிற வகை. அதன் டிக்கியைத் திறந்து மூலையில் கைவிட்டுத் துழாவினால் உருளையாக ஒரு இரும்புக் குப்பி தட்டுப்படும். எதிர் மூலையில் இன்னொன்று. முன்பக்கத்து இரு மூலைகளிலும் ஒவ்வொன்று. குப்பி ஒன்றுக்குச் சுமார் 11 கிலோ. நான்கும் சேர்ந்தால் 45 கிலோ. வயர், குழாய், பெல்ட் எதுவும் அவற்றோடு சேர்வதில்லை. நான்கையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஓடும், பிரேக் பிடிக்கும்.

கழற்றத்தான் செய்கிறார்கள். வேகப் பிரியர்களுக்கு வண்டியில் தேவையில்லாத கிலோ எதுவும் பொறுக்காது. பின் சீட், ஸ்டெப்னி, கார்ப்பெட் என்று ஒவ்வொன்றாக வெளியேற்றி வருகிறவர் கண்ணில், ஒரு வேலையும் செய்யாமல் மூலையில் உட்கார்ந்திருக்கும் இரும்பு பட்டால் ஸ்பேனரை எடுக்காமல் இருப்பாரா? போல்ட்டைக் கழற்றினால் முடிந்தது. அமெரிக்காவில் அந்தக் காலத்து கமாரோ, அதன் உடன்பிறப்பான போன்டியாக் ஃபயர்பேர்ட், அதே நிறுவனத்தின் கோர்வேர் என்று பல கன்வெர்ட்டிபிள்களில் இந்தக் குப்பிகள் இருந்தன. ‘காக்டெயில் ஷேக்கர்’ என்பது மெக்கானிக்குகள் வைத்த பட்டப்பெயர். துருப்பிடித்தோ எண்ணெய் ஒழுகியோ போனவற்றைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டவர்கள் ஏராளம்.

கணக்கு என்ன சொல்கிறது? வண்டியின் எடை ஏறத்தாழ 1,400 கிலோ. 45 கிலோ என்பது 3 சதவீதம். நின்ற இடத்திலிருந்து 400 மீட்டர் ஓட எடுக்கும் நேரம், தோராயமாக எடையின் கனமூலத்தைப் பொறுத்தது. ஆகவே 3 சதவீத எடை குறைந்தால் நேரம் 1 சதவீதம் குறையும். 16 விநாடி வண்டி 15.84-க்கு வரும். பந்தயக்காரருக்கு அது பெரிது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே காரின் பெட்ரோல் டேங்க் சுமார் 70 லிட்டர். நிரப்பினால் 50 கிலோவுக்குக் கொஞ்சம் அதிகம். டேங்கை நிரப்பாமல் ஓட்டினாலே நான்கு குப்பிகளின் எடையும் போய்விடும், ஸ்பேனரே தொடவேண்டாம்.

ஜெனரல் மோட்டார்ஸ் போன்ற ஒரு நிறுவனம் காசு செலவழித்து 45 கிலோ இரும்பை ஏன் சுமக்க வைத்தது? பதில் கூரையில் இருக்கிறது. சரியாகச் சொன்னால், கூரை இல்லாததில்.

ஸ்வீட் கடை அட்டைப் பெட்டியை மூடியோடு இரு முனைகளிலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், விறைத்து நிற்கும். மூடியை எடுத்துவிட்டு முறுக்கினால் துவண்டு கோணும். காரின் உடலும் அப்படித்தான். தரை, தூண்கள், கூரை எல்லாம் சேர்ந்து மூடிய கூடாக இருக்கும்வரை முறுக்கு விசையைச் சுற்றிலும் பகிர்ந்துகொள்ளும். கூரையை வெட்டியதும் அந்தச் சுற்று அறுந்துவிடுகிறது. கதவுக்குக் கீழே ஓடும் சட்டத்தைக் கனமாக்கி, தரைக்கடியில் குறுக்குப் பட்டைகளைப் போட்டுச் சரிக்கட்டுவார்கள். முழுதாகச் சரியாவதில்லை.

விறைப்பு குறைந்தால் உடலின் இயல்பு அதிர்வெண் இறங்கும். மூடிய காரின் உடல் பொதுவாக விநாடிக்கு 25 முறைக்கு மேல்தான் தானாக அதிரும். கூரை போனதும் அது 12 முதல் 18 வரைக்கு வந்துவிடும். மோசமான இடம் அது. காரணம், சக்கரமும் அச்சும் சஸ்பென்ஷன் மீது துள்ளும் அதிர்வெண் 10 முதல் 15 ஹெர்ட்ஸ். ரப்பர் மவுண்டுகள் மீது இன்ஜின் ஆடுவதும் அந்தப் பக்கம்தான். போதாக்குறைக்குச் சக்கரச் சுழற்சி வேறு: டயரின் சுற்றளவு 2 மீட்டர் என்று வைத்தால், 14 ஹெர்ட்ஸ் என்பது விநாடிக்கு 28 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர். டயரில் சிறிது சமநிலைப் பிசகு இருந்தால் போதும், நெடுஞ்சாலை வேகத்தில் அது உடலின் தாளத்தோடு ஒத்துப்போய் ஒத்ததிர்வு கிளம்பும். விண்ட்ஷீல்டு சட்டம் நடுங்கும், டாஷ்போர்டு கிறீச்சிடும், ஸ்டீயரிங் கையில் துடிக்கும். உட்புறக் கண்ணாடியில் பின்னால் வருவது லாரியா பஸ்ஸா என்று தெரியாதபடி பிம்பம் கலையும்.

குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று இப்போது பார்க்கலாம். ஒரு கனத்த இரும்புத் துண்டு, ஸ்பிரிங்கின் பிடியில் தொங்குகிறது, சுற்றிலும் எண்ணெய். அவ்வளவுதான். ஆனால் அந்த ஸ்பிரிங்கின் கடினம் ஏதோ ஒரு அளவில் அமைந்ததல்ல. உடல் எந்த அதிர்வெண்ணில் நடுங்குகிறதோ, எடையும் அதே அதிர்வெண்ணில் ஆடும்படி சுருதி சேர்த்திருப்பார்கள். 14 ஹெர்ட்ஸுக்குச் சேர்த்த ஸ்பிரிங்கில் எடையைத் தொங்கவிட்டால், அது கீழே இறங்குவது ஒன்றேகால் மில்லிமீட்டர்தான். எடை 1 கிலோவானாலும் 100 கிலோவானாலும் அதே ஒன்றேகால். அதிர்வெண்ணைத் தீர்மானிப்பது அந்த இறக்கம் மட்டுமே. காகிதத்தில் சுலபம். வருடக்கணக்கில் வெயிலிலும் குளிரிலும் அந்த அளவு பிசகாமல் இருக்கவேண்டும் என்பது பட்டறைக்காரரின் தலைவலி.

உடல் நடுங்கத் தொடங்கியதும் குப்பிக்குள் எடை அதைவிடப் பெரிதாக ஆடுகிறது. ஆடும்போது ஸ்பிரிங் வழியாக அது உடலைத் தள்ளும் விசை, குலுக்குகிற விசைக்கு எதிர்த் திசையில் அமைகிறது. ஆட்டத்தை எடை தன் தலையில் வாங்கிக்கொள்ள, உடல் ஏறக்குறைய சும்மா இருக்கிறது. இதற்கு ஒரு விலை உண்டு. முன்பு ஒரே அதிர்வெண்ணில் இருந்த நடுக்கத்தின் உச்சம், அதற்குக் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு சிறு உச்சங்களாகப் பிரிகிறது. அவை தலைதூக்காமல் பார்த்துக்கொள்ளத்தான் எண்ணெய்: ஆட்டத்தின் ஆற்றலை உரசி வெப்பமாக்கிவிடும்.

ஹாம்பர்க் கப்பல் தளம் ஒன்றில் பணியாற்றிய ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபிராம் 1909-இல் இந்த யோசனைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். எண்ணெய் எவ்வளவு உரசினால் நல்லது என்பதைக் கணிதமாக ஆராய்ந்து, 1928-இல் கட்டுரை வெளியிட்டவர்கள் ஆர்மன்ட்ராய்டும் ஜேக்கப் டென் ஹார்டாக்கும். உயர் அழுத்த மின்கம்பிகளில், கோபுரத்தை ஒட்டி, சின்னக் கம்பியின் இரு முனைகளிலும் இரும்புக் குண்டு தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் மின்கம்பி துடித்து அறுந்துபோகாமல் காப்பது அதுவே. தைபே 101 கோபுரத்தில் தொங்கும் 660 டன் உருண்டையும் இதே குடும்பம்.

குப்பிகளை மூலைக்கு ஏன் தள்ளினார்கள்? முறுக்கி அதிரும் உடல் ஓரங்களில்தான் அதிகம் அசைகிறது; நடுப்பகுதி கிட்டத்தட்ட அசைவதே இல்லை. அசையாத இடத்தில் எடையை வைத்தால் அதற்கு வேலை இருக்காது. இடத்தின் அசைவு இரட்டித்தால் குப்பியின் பயன் நான்கு மடங்காகும். ஆனால் வளைவில் வண்டியைத் திருப்பும்போதும் இதே வர்க்கக் கணக்கு எதிராக நிற்கிறது: மையத்திலிருந்து இரு மடங்கு தள்ளியிருக்கும் கிலோ, திருப்பத்தை நான்கு மடங்கு எதிர்க்கும். நடுக்கத்தை அடக்க எது மிகச் சிறந்த இடமோ, ஸ்போர்ட்ஸ் காரைச் சுறுசுறுப்பாகத் திருப்ப அதுவே மிக மோசமான இடம். கழற்றுகிறவரின் கட்சியில் ஓரளவு நியாயம் இருப்பது இங்கேதான்.

அவர் கட்சி முழுதாக வெல்கிற ஒரு சந்தர்ப்பமும் உண்டு. பந்தயத்துக்காக உள்ளே இரும்புக்குழாய்க் கூண்டைப் பற்றவைத்துவிட்டால் உடல் விறைத்து, அதிர்வெண் 14-லிருந்து 20-க்குத் தாவலாம். 14-க்குச் சுருதி சேர்ந்த குப்பிக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. அப்போதுதான் அது உண்மையிலேயே சும்மா தொங்கும் இரும்பு; தாராளமாகக் கழற்றலாம். கூண்டும் போடாமல், சட்டத்தையும் பலப்படுத்தாமல், தெருவில் ஓட்டும் வண்டியிலிருந்து குப்பியை மட்டும் எடுப்பவர் வாங்குவது 0.16 விநாடி, கொடுப்பது கண்ணாடியில் தெளிவான பிம்பம். எனக்கு அது நல்ல பேரமாகத் தெரியவில்லை. ரப்பரில் எடையைத் தொங்கவிட்ட பிற்கால வண்டிகளில் இன்னொரு சிக்கல்: ரப்பர் வயதாகி இறுகினால் சுருதி மாறி, கழற்றாமலே கழற்றிய நிலைதான். “எடுத்துப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் இல்லை” என்பவர்களில் சிலருடைய குப்பி எப்போதோ செத்திருக்கலாம்.

இதில் வேடிக்கை, தெருவில் எடை குறைக்க எறிந்ததைப் பந்தயத்தில் ஜெயிக்கப் பொருத்தினார்கள். ஃபார்முலா 1-இல் ரெனோ அணி 2005-இல் காரின் மூக்குக்குள் ஸ்பிரிங் மீது ஓர் எடையை மாட்டியது. அடுத்த ஆண்டுக் காரை அதை மனதில் வைத்தே வடிவமைத்தது. ஃபார்முலா 1-இல் குறைந்தபட்ச எடை விதி உண்டு; அணிகள் அதைவிட லேசாகக் கட்டி, மிச்சத்தை உலோகக் கட்டிகளால் நிரப்புவார்கள். எப்படியும் சுமக்கவேண்டிய எடைதான், வேலை செய்யட்டுமே என்பது ரெனோவின் கணக்கு. மூக்கு துள்ளாததால் டயர் தரையைச் சீராக அழுத்தியது. 2006 ஆகஸ்டில் சர்வதேச மோட்டார் கூட்டமைப்பின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தடைசெய்தது. காற்றியக்கத்தைப் பாதிக்கும் அசையும் கருவி என்பது தடைக்குச் சொன்ன காரணம். மூடிய மூக்குக்குள் ஆடும் எடை காற்றை எங்கே தொட்டது என்று ரெனோ ரசிகர்கள் இன்றும் கேட்பார்கள். ஃபெர்னாண்டோ அலோன்சோ இரண்டு ஆண்டும் பட்டம் வென்றுவிட்டார்.

இன்றைய வண்டிகளில் தனி இரும்பைத் தேடினால் கிடைக்காமலும் போகலாம். ரேடியேட்டரையே சரியான ரப்பரில் தொங்கவிட்டு அந்த வேலையை வாங்குவார்கள். இன்ஜின் மவுண்டுகளைச் சுருதி சேர்த்து இன்ஜினையே குப்பியாக்குவதும் உண்டு. 2012-இல் வந்த மெக்லாரன் 12சி ஸ்பைடருக்குக் கார்பன் இழைத் தொட்டியே உடல். கூரையை நம்பி அது நிற்கவில்லை. மூடிய மாடலைவிட 40 கிலோதான் அதிகம், அதுவும் மடக்கும் கூரைக்கும் அதன் இயந்திரத்துக்கும் போனது.

ஸ்பேனரோடு புறப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கிராங்க் ஷாஃப்டின் முனையில், பெல்ட் ஓடும் புல்லிக்குள்ளும் இப்படி ஒரு எடை இருக்கிறது: நடுவில் உலோகம், அதைச் சுற்றி ரப்பர் வளையம், வெளியே கனத்த இரும்பு வளையம். ஒவ்வொரு சிலிண்டரிலும் எரிபொருள் வெடிக்கும்போது கிராங்க் நூலிழை அளவு முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. அந்த ஆட்டத்தை அடக்குவது இதுதான். எடை குறைக்க இதை எடுத்துவிட்டு லேசான அலுமினியப் புல்லி மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நீண்ட கிராங்க் கொண்ட, வரிசையாக ஆறு சிலிண்டர் அமைந்த இன்ஜின்களுக்கு இது மிக ஆபத்து: ஏதோ ஒரு சுழற்சி வேகத்தில் ஒத்ததிர்வு கிளம்பிக் கிராங்க் விரிசல் விடும், எண்ணெய்ப் பம்பின் பற்சக்கரம் உடையும். பழைய வண்டி வாங்குகிறவர் பானெட்டைத் திறக்கச் சொல்லி, அந்த ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா, வெளி வளையம் தள்ளாடிச் சுழல்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு விலை பேசுவது நல்லது.