தேர்தல் நாளைக் குறிப்பது யார்?

2024 ஆம் ஆண்டில் ஜனாதிபதித் தேர்தலும் பாராளுமன்றத் தேர்தலும், 2025 இல் உள்ளூராட்சித் தேர்தலும் நடந்தேறின. ஸ்பிரிங்வெளி முதலான தோட்டங்களின் மக்கள் மும்முறை வாக்களிக்க அழைக்கப்பெற்றனர். ஆனால், ஊவா மாகாண சபைக்கென அவர்கள் கடைசியாக வாக்களித்தது 2014 செப்டெம்பர் 20 இல் ஆகும். அன்று அமைந்த 34 உறுப்பினர் கொண்ட சபையின் காலம் 2019 இல் முடிந்தது. அதன்பின் மாகாண நிருவாகம் ஆளுநர் கைக்குச் சென்றது. ஆளுநரோ ஜனாதிபதியால் நியமிக்கப்படுபவர்.

இதனால் நமக்கென்ன நட்டம் என்று மாணவர் வினவலாம். தேசிய பாடசாலைகள் நீங்கலாக, நம் தோட்டப்புறப் பாடசாலைகள் மாகாண நிருவாகத்தின் கீழ் உள்ளவை. ஆசிரியர் போதாமையைச் சபையில் எழுந்து கேட்க நம் வாக்கினால் சென்ற ஒருவர் இருப்பது வேறு. அலுவலக வாசலில் மனுவுடன் காத்து நிற்பது வேறு.

தேர்தல் தடைப்பட்ட விதம் விசித்திரமானது. 2017 இல் பாராளுமன்றம் பழைய தேர்தல் முறையை மாற்றித் தொகுதி முறையையும் விகிதாசார முறையையும் கலந்த புதிய முறையைப் புகுத்திற்று. அதற்குத் தொகுதி எல்லைகள் வகுக்கப்படல் வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 இல் சபைக்கு வந்தபோது அதற்கு ஆதரவாக ஒரு வாக்கேனும் விழவில்லை. சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார்! பழைய வீட்டை இடித்தாயிற்று, புதிய வீட்டுக்கு அத்திவாரமும் இல்லை. தேர்தல் ஆணைக்குழு என்ன செய்யும்? சட்டமின்றி அது நாட்குறிக்க இயலாது.

சமஷ்டி முறையைத் தழுவிய இந்தியாவைப் பாருங்கள். பாராளுமன்றத்துக்கும் மாநிலச் சட்டசபைகளுக்கும், 1950 இல் தோன்றிய மத்திய தேர்தல் ஆணையமே தேர்தல் நடத்துகிறது. பஞ்சாயத்துகளுக்கு மாநிலந்தோறும் தனி ஆணையம் உண்டு. பஞ்சாயத்தின் ஐந்தாண்டுக் காலம் முடியுமுன் அடுத்த தேர்தலை நடத்தி முடித்தல் வேண்டும் என அரசியலமைப்பே விதிக்கிறது. அங்கும் குறையில்லை என்பதற்கில்லை. தமிழ்நாட்டில் 2016 இல் நடைபெற வேண்டிய ஊராட்சித் தேர்தல் 2019 டிசெம்பரிலேதான் தொடங்கியது. ஆயினும், நீதிமன்றத்தை நாடுவோர் சுட்டிக்காட்ட அங்கே ஒரு விதி இருந்தது.

செலவுக்கு நம் நாட்டில் 2023 இல் ஒரு சட்டம் வந்தது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் வேட்பாளர் ஒருவர் ஒரு வாக்காளருக்கு 109 ரூபாவுக்கு மேற் செலவிடலாகாது என வரம்பு கட்டப்பட்டது. அச்சட்டம் மாகாண சபைத் தேர்தலுக்கும் உரியதே. அதனை அங்கே பிரயோகிக்க 2025 மே மாதம் வரை வேளை வரவில்லை.