தம்பதி சமேதராகச் சைக்கிள் பயணம்

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது, தாராவி 90 அடி சாலையில் முப்பது வருஷம் கடை நடத்திவிட்டு இப்போது செம்பூரில் குடியிருக்கும் அண்ணாச்சி ஒரு செய்தி சொன்னார். தை பிறந்ததும் அவரும் மதினியும் செம்பூரிலிருந்து திருநெல்வேலிக்குச் சைக்கிளில் போகப்போகிறார்களாம். "ஏன் அண்ணாச்சி, நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைக்கலையா?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தோம். நானும்தான். மதினி டம்ளரை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார். யோசனையே அவருடையது என்று பிறகுதான் தெரிந்தது. தெருவில் ஆள் நடமாட்டம் தொடங்குமுன், விடியற்காலை இருட்டில், ஐம்பத்தெட்டு வயதில் சைக்கிள் பழகியவர் அவர்.

வீட்டுக்கு வந்தும் எனக்கு மனசு கேட்கவில்லை. ரயில்வேயில் பாதையோடு மல்லுக்கட்டியவன் என்பதால் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். சிரித்தது தப்பு என்றுதான் கணக்கு சொல்கிறது.

இது புதுப் பைத்தியமும் அல்ல. 1897ஆம் ஆண்டின் கடைசியில் அமெரிக்கத் தம்பதி ஒருவர் சைக்கிளோடு நம் பக்கம் வந்தார்கள். மனைவி ஃபேனி புல்லக் வொர்க்மனுக்கு வயது 38. கணவர் வில்லியம் ஹண்டர் வொர்க்மனுக்கு 50; உடல்நிலை காரணமாக மருத்துவத் தொழிலை விட்டவர். இலங்கை, பர்மா, ஜாவா என்று சுற்றியதோடு, இந்தியாவின் தென்கோடியிலிருந்து இமயமலை அடிவாரம் வரை மிதித்தார்கள். 1904இல் வெளிவந்த அவர்களுடைய புத்தகத்தின் தலைப்பிலேயே பதினாலாயிரம் மைல் என்று போட்டிருக்கிறது. தேயிலை, சர்க்கரை, பிஸ்கட், ஆளுக்கு ஒரு கம்பளி, தலையணை, மருந்து, பஞ்சர் சாமான், இவ்வளவுதான் மூட்டை. காற்றடைத்த டயரை டன்லப் கண்டுபிடித்துப் பத்து வருஷமே ஆகியிருந்த காலம். சில நாட்களில் 40 பஞ்சர் வரை ஒட்டியிருக்கிறார்கள்! சாமான் கிடைக்க வேண்டும் என்பதற்காகப் பெரும்பாலும் ரயில் பாதையை ஒட்டியே போனார்கள் என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம். கூலியாட்களைப் பற்றி அவர்கள் எழுதிய தொனி எனக்குப் பிடிக்காது. ஆனால் ஒரு விஷயம் பிடிக்கும். பின்னாளில் இமயமலைப் பயணங்களில் ஒரு வருஷம் மனைவி ஏற்பாடுகளைக் கவனித்தால் கணவர் போட்டோ எடுப்பார், மறுவருஷம் மாற்றிக்கொள்வார்கள்.

இனி அண்ணாச்சியின் பாதைக்கு வருவோம். புணே, கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூர், சேலம், மதுரை வழியாகச் சுமார் 1,600 கிலோமீட்டர். நாளுக்கு 60 வீதம் 27 நாள். வாரம் ஒரு நாள் ஓய்வு கொடுத்தால் ஒரு மாதத்துக்குச் சற்று மேல். வெயில் ஏறுமுன் அன்றைய தூரத்தை முடித்துவிடலாம்.

கஷ்டம் ஆரம்பத்திலேயே இருக்கிறது. எக்ஸ்பிரஸ் சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. கோப்போலி வழியாகப் பழைய சாலையில்தான் லோனாவலா ஏற வேண்டும். ஏற்றம் ஏறக்குறைய 550 மீட்டர். ஆள், சைக்கிள், மூட்டை எல்லாம் சேர்த்து 90 கிலோ என்றால், அதை மேலே ஏற்ற உடம்பு செலவழிப்பது நானூற்றைம்பது கலோரிக்குக் கொஞ்சம் கூட. இட்லிக் கணக்கில் எட்டிலிருந்து பத்து. அவ்வளவுதான்! மிதிக்க முடியாத இடத்தில் இறங்கித் தள்ளினால் போயிற்று. அதில் கேவலம் ஒன்றும் இல்லை.

தம்பதிகள் சறுக்குவது வேறொரு இடத்தில். கணவர் முன்னால் போய்விட்டு மரத்தடியில் காத்திருப்பார். மனைவி மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும், "சரி, கிளம்பலாமா?" என்பார். அவர் இளைப்பாறிவிட்டார், அந்த அம்மாளுக்கு ஓய்வே கிடைக்கவில்லை. இப்படி நாலு நாள் போனால் சண்டைதான். ஆகவே மெதுவாகப் போகிறவர்தான் எப்போதும் முன்னால் போக வேண்டும். அண்ணாச்சி இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

சரி, நம் பங்கு என்ன? நம் பம்பாயிலிருந்து 1923 அக்டோபர் 15இல் ஆறு பார்சி இளைஞர்கள் உலகைச் சுற்றக் கிளம்பினார்கள். எல்லோரும் பம்பாய் வெயிட்லிஃப்டிங் கிளப் சிநேகிதர்கள். வழியில் மூவர் விலகிக்கொள்ள, ஆதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பூம்காரா மூவரும் 71,000 கிலோமீட்டர் முடித்து 1928 மார்ச்சில் ஊர் திரும்பினார்கள். அந்தக் கிளப்பில் அன்று யாராவது காபி குடித்துக்கொண்டே சிரித்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ!

புணே போகும் ரயிலில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். போர்காட்டில் 37 அடிக்கு ஓர் அடி ஏற்றம். அதற்காகக் கர்ஜத்தில் பெரும்பாலான வண்டிகளுக்குப் பின்னால் பாங்கர் எஞ்சின் மாட்டுவார்கள். அது இழுப்பதில்லை. பின்னாலிருந்து தள்ளும், வண்டி பின்னோக்கி உருளாமல் பார்த்துக்கொள்ளும், லோனாவலாவில் கழன்றுகொள்ளும். பிரயாணிகளுக்கு அது இருப்பதே தெரியாது. நாம் செய்ய வேண்டியதும் அந்த மாதிரி காரியம்தான். புணேயிலும் பெங்களூரிலும் உள்ள தமிழ்ச் சங்கங்களுக்கு எழுதி ராத்தங்க இடம் கேட்கலாம். மற்ற ஊர்களில் உறவினர் இருந்தால் விலாசம் கொடுக்கலாம். தினமும் இரவு எட்டு மணிக்கு ஒருவர் மட்டும் போன் செய்து எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டால் போதும். "இந்த வயசுல எதுக்கு?" என்று மதினியிடம் மட்டும் யாரும் கேட்காதீர்கள்.

பொங்கல் முடிந்த முதல் ஞாயிறு காலை ஐந்து மணிக்குச் செம்பூரிலிருந்து புறப்படுகிறார்கள். வழியனுப்ப வர இயன்றவர்கள் வரவும். நான் அங்கே இருக்க மாட்டேன். இரண்டாம் நாள் லோனாவலாவில் இருபது இட்லியோடு காத்திருப்பதாக மதினியிடம் சொல்லியிருக்கிறேன்.