டோக்கியோ செல்லும் பயணி அறிய வேண்டியவை: உரிமைகள், இடர்கள், தீர்வுகள்

வன்முறைக் குற்றங்கள் மிகக் குறைவான பெருநகரங்களுள் ஒன்றாகிய டோக்கியோவில் வெளிநாட்டுப் பயணிக்கு நேரும் சிக்கல்கள் பலவும், உள்ளூர்வாசிகள் பழக்கத்தாலேயே அறிந்துவைத்திருக்கும் விதிகளைப் புதிதாக வருபவர் அறியாதிருப்பதால் விளைகின்றன. இச்சிக்கல்கள் ஏறக்குறைய ஒவ்வொன்றுக்கும் ஜப்பானியச் சட்டத்தில் தீர்வு உண்டு. ஆயினும் அத்தீர்வுகள் சம்பவம் நடந்த இடத்திலேயே, முடிந்தால் அன்றே, செய்யப்படும் பதிவைச் சார்ந்திருப்பதால், நாடு திரும்பிய பின் முறையிடலாம் என்று தள்ளிப்போடுபவர் தம் உரிமையின் பெரும்பகுதியை இழந்துவிடுகிறார்.

கடவுச்சீட்டும் காவலர் விசாரணையும்

குறுகிய காலம் தங்கும் வெளிநாட்டவர் கடவுச்சீட்டை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்று ஜப்பானின் குடிவரவுச் சட்டம் கூறுகிறது. 16 வயதுக்கு உட்பட்டோருக்கு மட்டுமே இதில் விலக்கு உண்டு. அதை விடுதி அறையில் பூட்டிவைத்துவிட்டு நகலுடன் வெளியே செல்வது பாதுகாப்பான வழக்கமாகத் தோன்றினாலும், பணியிலுள்ள காவலர் கேட்கும்போது மூலத்தைக் காட்ட இயலாதவருக்கு 1 லட்சம் யென் வரை அபராதம் விதிக்கப்படலாம்.

கடவுச்சீட்டைக் காட்டும் கடமை இவ்வாறிருக்க, தெருவில் நிறுத்தி நடத்தப்படும் விசாரணையின் தன்மை வேறு. 1948ஆம் ஆண்டின் காவலர் பணிச் சட்டத்தின்படி, கைது செய்யப்படாத ஒருவரைப் பதில் சொல்லும்படியோ காவல் நிலையத்துக்கு வரும்படியோ கட்டாயப்படுத்த முடியாது. கைதானவரை நீதிபதியின் ஆணையின்றி 72 மணி நேரம் வரையிலும், ஆணையுடன் முதலில் 10 நாள்களும் பிறகு மேலும் 10 நாள்களும் காவலில் வைக்கலாம் என்பதால், குற்றச்சாட்டு பதிவாகும் முன்னரே 23 நாள்கள் கழிந்துவிடக்கூடும். இந்நிலையில் கைதானவருக்கு மூன்று பாதுகாப்புகள் உள்ளன: மௌனம் காக்கும் உரிமை, 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கைப்படி தம் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் தரச் சொல்லும் உரிமை, வழக்கறிஞர் சங்கம் அனுப்பும் முறைப்பணி வழக்கறிஞரை முதல் முறை கட்டணமின்றிச் சந்திக்கும் வாய்ப்பு. இவற்றைக் கைதானவரே வாய்விட்டுக் கேட்டுப் பெறுவது நல்லது.

மருந்துப் பெட்டியில் உள்ள இடர்

ஊரில் மருத்துவர் எழுதித் தந்த மருந்தாயிற்றே என்ற நம்பிக்கை ஜப்பானிய சுங்கத்தில் செல்லாமல் போகலாம். கவனக்குறைபாட்டுக்குத் தரப்படும் ஆம்ஃபெட்டமின் வகை மருந்து, மருத்துவச் சீட்டு இருந்தாலும் தடைசெய்யப்பட்டதே. சளி மாத்திரைகள் சிலவற்றில் உள்ள சூடோஎஃபெட்ரின் 10 விழுக்காட்டைத் தாண்டினாலோ, வலி, இருமல் மருந்துகளில் சேரும் கோடீன் 1 விழுக்காட்டைத் தாண்டினாலோ, அம்மருந்து கடும் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. முன் அனுமதியின்றி அதைக் கொண்டுசெல்ல இயலாது. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் போன்றவற்றுக்கான வழக்கமான மருந்துகளை ஒரு மாதத் தேவைக்கு மேல் எடுத்துச் செல்பவர், அந்நாட்டு நலத்துறையிடம் இறக்குமதிச் சான்றைப் புறப்படும் முன்பே பெற வேண்டும்.

மருத்துவமனைச் செலவு குறித்தும் எச்சரிக்கை தேவை. அங்குள்ள பொதுக் காப்பீடு பயணிக்குப் பொருந்தாததால் முழுத் தொகையையும் அவரே செலுத்த வேண்டும். செலுத்தாது சென்றவரின் விவரம் குடிவரவுத் துறைக்குப் போய்ச் சேர்ந்து, அடுத்த வருகையின்போது நுழைவு மறுக்கப்படவும் கூடும். இச்சிக்கலுக்குப் பயணக் காப்பீடே முன்கூட்டிய தீர்வாகும்.

இரவு வீதிகளும் மிகைக் கட்டணமும்

ஷின்ஜுகுவின் கபுகிச்சோ, ரொப்போங்கி போன்ற கேளிக்கைப் பகுதிகளில், குறைந்த விலை சொல்லிப் பயணியை மதுக்கூடத்துக்கு அழைத்துச் செல்லும் தரகர்கள் நடமாடுகின்றனர். கியாகுஹிகி எனப்படும் இந்த ஆள்பிடிப்பு சட்டத்துக்குப் புறம்பானது. ஆதலால் அவர்களைப் பின்தொடர்ந்து எந்தக் கடைக்கும் செல்லலாகாது என்று ஷின்ஜுகு பகுதியில் ஒலிபெருக்கி வழியாகவே எச்சரிக்கை விடுக்கப்படுகிறது. அவர்களுடன் சென்றவரிடம் இறுதியில் பல்லாயிரம் யென்னோ, சில வேளைகளில் லட்சக்கணக்கான யென்னோ கேட்கப்படுவது பொத்தாகுரி எனப்படும் மிகைக் கட்டண மோசடியாகும். பானத்தில் மயக்க மருந்து கலந்து கடன் அட்டையைப் பயன்படுத்திக்கொள்ளும் நிகழ்வுகள் குறித்துத் தூதரகங்களும் எச்சரித்துள்ளன.

ஆயினும் கேளாமல் சேர்க்கப்படும் ஒவ்வொரு கட்டணமும் மோசடியாகிவிடாது. இசகாயா என்னும் மது உணவகங்களில் அமர்ந்தவுடன் வைக்கப்படும் சிறு தொடுகறிக்கு, ஒதோஷி என்ற பெயரில் தலைக்குச் சில நூறு யென் வாங்குவது நெடுநாள் வழக்கம். 200க்கும் மேற்பட்ட சிறு மதுக்கூடங்கள் நெருங்கி நிற்கும் கோல்டன் காயில் இருக்கைக் கட்டணம் வாங்கும் கடைகள் பல உள்ளன. ஆகவே உட்காரும் முன்பே அக்கட்டணம் உண்டா, எவ்வளவு என்று கேட்டறிவதில் தவறேதும் இல்லை. விலைப்பட்டியல் காட்ட மறுக்கும் கடையிலிருந்து வெளியேறுவதே பாதுகாப்பு.

மோசடியில் சிக்கியவர் முதலில் வகைவாரியான பற்றுச்சீட்டைக் கேட்க வேண்டும். தொகை குறித்த தகராறு உரிமையியல் சார்ந்தது என்பதால், அது செல்லுமா செல்லாதா என்று காவலர் தீர்ப்புச் சொல்வதில்லை. ஆனால் விலையைப் பொய்யாகக் கூறி அழைப்பதையும், மிரட்டிப் பணம் வாங்குவதையும் டோக்கியோ பெருநகரம் 2000ஆம் ஆண்டிலேயே தனி ஆணையால் தடைசெய்துள்ளது; வெளியேற விடாமல் அடைத்துவைப்பதோ தனியே ஒரு குற்றம். எனவே மிரட்டல் தொடங்கியவுடன் 110 என்ற எண்ணை அழைப்பது, அல்லது அருகிலுள்ள கோபனுக்குச் செல்வது, சட்டம் தரும் வழியாகும். கோபன் என்பது ஓரிரு காவலர் பணியாற்றும் தெருமுனைக் காவல் சாவடி. டோக்கியோவில் இவை 800க்கும் மேல் உள்ளன. அட்டை வழியே பணம் போயிருந்தால், அன்றிரவே வங்கிக்கு அறிவித்து அட்டையை முடக்கச் செய்வது பிந்தைய முறையீட்டுக்கு வலுச் சேர்க்கும்.

தொலைந்த பொருளை மீட்டல்

ஆண்டுக்கு 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் காவல்துறையிடம் ஒப்படைக்கப்படும் நகரமாதலால், பொருளைத் தொலைத்தவர் நம்பிக்கை இழக்கத் தேவையில்லை. கோபனில் இழப்பு அறிவிப்பைப் பதிந்து அதன் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். கடவுச்சீட்டு தொலைந்திருப்பின், தூதரகத்தில் மாற்று ஆவணம் பெறவும் காப்பீட்டுத் தொகை கோரவும் இப்பதிவே தேவைப்படுகிறது. ரயிலில் விட்ட பொருள் சில நாள்கள் நிலையத்தில் இருந்துவிட்டு, ஈதாபாஷியிலுள்ள காவல்துறையின் மையக் கிடங்குக்குச் செல்லும். பொருள்கள் 3 மாதம் காக்கப்படுகின்றன. குடை, துணி போன்றவை மட்டும் 2 வாரங்களுக்குப் பின் விற்கப்படலாம். கண்டெடுத்து ஒப்படைத்தவர் பொருளின் மதிப்பில் 5 முதல் 20 விழுக்காடு வரை வெகுமதி கோரச் சட்டம் இடமளிக்கிறது.

தங்குமிடம், வாகனம், தெரு

வீடுகளை விடுதியாக வாடகைக்கு விடுவோர் பதிவு செய்ய வேண்டும் என்றும், ஆண்டுக்கு 180 நாள்களுக்கு மேல் விருந்தினரைத் தங்கவைக்கலாகாது என்றும் 2018ஆம் ஆண்டு ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த சட்டம் விதிக்கிறது. முன்பதிவுப் பக்கத்தில் பதிவு எண் உள்ளதா என்று பார்ப்பது பயணியின் முதல் சரிபார்ப்பாக அமைய வேண்டும். டாக்சிகளுக்குப் பச்சை நிற எண் பலகை இருக்கும். வெள்ளைப் பலகைக் காரில் கட்டணத்துக்கு ஏற்றிச் செல்ல முன்வருபவர் பெரும்பாலும் உரிமமற்றவர்.

தெரு விதிகள் வட்டத்துக்கு வட்டம் மாறுபடுகின்றன. சியோதா வட்டத்தில் 2002 முதல் தெருவில் புகைப்பதற்கு அபராதம் உண்டு. ஷிபுயா நிலையத்தைச் சூழ்ந்த பகுதியில் 2024 அக்டோபர் முதல் மாலை 6 மணி தொடங்கி விடியற்காலை 5 மணி வரை தெருவில் மது அருந்தத் தடை உள்ளது. மது அருந்திவிட்டு மிதிவண்டி ஓட்டுபவருக்கு, 2024 நவம்பர் திருத்தத்தின்படி 3 ஆண்டுகள் வரை சிறையோ 5 லட்சம் யென் வரை அபராதமோ விதிக்கப்படலாம்.

நெரிசல் ரயிலில் பாலியல் சீண்டலுக்கு உள்ளாகும் பெண்கள், மொழி தெரியாத நிலையிலும் உதவி கேட்க டோக்கியோ காவல்துறையின் டிஜி போலீஸ் செயலி உதவுகிறது. அதன் திரையில் பெரிய எழுத்தில் தோன்றும் வேண்டுகோளை அருகிலிருப்பவருக்குக் காட்டி, அடுத்த நிலையத்தில் ஊழியரிடம் முறையிடலாம். பல தடங்களில் காலை நெரிசல் வேளையில் பெண்களுக்கான தனிப்பெட்டியும் உண்டு.

நிலநடுக்கத்தின்போது

2011 மார்ச் 11 அன்று பெரும் நிலநடுக்கத்தால் ரயில்கள் நின்றபோது, டோக்கியோ வட்டாரத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு திரும்ப முடியாமல் தவித்ததாக அரசு மதிப்பிட்டது. அதன் விளைவாக 2013இல் நடைமுறைக்கு வந்த பெருநகர ஆணை, எல்லோரும் ஒரே நேரத்தில் நடந்து கிளம்பாமல் பாதுகாப்பான கட்டடங்களிலேயே தங்கும்படி வலியுறுத்துகிறது. பயணிக்கும் இதுவே பொருந்தும். சிக்கிக்கொண்டோருக்கெனத் திறக்கப்படும் தற்காலிகத் தங்குமிடங்களும், உதவி நிலையமாக ஒப்பந்தம் செய்துகொண்ட சிறு அங்காடிகள் தரும் குடிநீர், கழிப்பறை, வழித்தகவல் ஆகியவையும் பயணிக்கும் துணையாகும்.

எங்கே முறையிடுவது?

குற்றத்துக்கு 110, தீ மற்றும் ஆம்புலன்ஸுக்கு 119 ஆகிய எண்களைக் கட்டணமின்றி அழைக்கலாம். விபத்து, நோய், பேரிடர் குறித்து ஜப்பான் தேசியச் சுற்றுலா அமைப்பின் 050-3816-2787 என்ற எண் நாள் முழுதும் ஆங்கிலத்திலும் உதவுகிறது. கடை, விடுதி, உணவகம் ஆகியவற்றுடனான பணத் தகராறுகளுக்கு, தேசிய நுகர்வோர் விவகார மையம் 2018இல் தொடங்கிய பயணியர் உதவி எண்ணான 03-5449-0906ஐ அழைக்கலாம். இவற்றுள் எதை நாடினாலும் நேரம், இடம், கடையின் பெயர், பற்றுச்சீட்டு, காவல்துறைப் பதிவு எண் ஆகியவற்றைக் கையில் வைத்திருப்பவரின் முறையீடே விரைவில் பலன் தரும் என்பதால், இவற்றைச் சேகரிப்பதை நகரை விட்டுப் புறப்படும் முன்பே முடித்துக்கொள்ள வேண்டும்.