ராயபுரத்தின் பழைய தூண்கள்

தென்னாட்டில் பிரயாணிகளை ஏற்றிச் சென்ற முதல் புகைவண்டி எங்கிருந்து புறப்பட்டது என்று கேட்டால், சென்ட்ரல் என்றோ எழும்பூர் என்றோதானே சொல்லத் தோன்றும்?

அவ்விரு நிலையங்களும் தோன்றுவதற்கு முன்பே, 1856-ஆம் ஆண்டு, சென்னை ராஜதானியின் கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்த ராயபுரம் நிலையத்திலிருந்தே, ஆர்க்காட்டுச் சீமையின் வாலாஜா ரோடு வரை அந்த வண்டி சென்றது. பம்பாயிலும் தானேயிலும் முதன்முதலில் எழுந்த நிலையக் கட்டடங்கள் காலப்போக்கில் மறைந்துவிட, துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் லாரிகளின் இரைச்சலுக்கு நடுவே, செந்நிறச் சுவர்களும் வெண்ணிறத் தூண்களுமாக ராயபுரம் மாத்திரம் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. சிதிலமடைந்து கிடந்த அதனை, சரித்திர அபிமானிகளின் இடைவிடாத வேண்டுகோளுக்குப் பின், 2005-இல் ரயில்வே புதுப்பித்தது.

ஆண்டுதோறும் ஆகஸ்டில் சென்னை தினத்தையொட்டி, நகரின் பழமையை நடந்தே காணும் பாரம்பரிய உலாக்கள் நடைபெறுகின்றன. அதுவரை காத்திராமல், ஒரு மாலை வேளையில், குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டு ராயபுரத்துக்கு ஒருமுறை போய் வாருங்களேன்!