பழைய ராணுவத் துப்பாக்கியில் அப்படி என்ன ஈர்ப்பு?

தபால்தலை சேர்ப்பவர்கள் உண்டு; பழைய நாணயம் சேர்ப்பவர்கள் உண்டு. பழைய ராணுவத் துப்பாக்கி சேர்ப்பவர்களும் உலகில் ஏராளம். அமெரிக்கா, கனடா, பிரிட்டன் போன்ற நாடுகளில் சட்டப்படி வாங்கி, சுடுதளத்தில் சுட்டும் பார்க்கிறார்கள்.

பொங்கோல் அடுக்குமாடி வீட்டில் இருப்பவருக்கு இது விந்தையாகத் தோன்றலாம். சிங்கப்பூரில் 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றங்கள் சட்டப்படி, சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் கிடைக்கும். அப்படியென்றால் மற்ற நாட்டினரை இழுப்பது எது?

நம்மவர்கள் 'த்ரீ நாட் த்ரீ' என்று அழைக்கும் லீ என்ஃபீல்டையே எடுத்துக்கொள்வோம். 1895ல் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வந்தது. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் போல்ட்டின் கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுக்க வேண்டும். தோட்டாவின் வெற்றுக் கூடு வெளியே விழும். முன்னால் தள்ளிக் கீழே இறக்கினால் அடுத்த தோட்டா உள்ளே போகும். மொத்தம் 10 தோட்டாக்கள். இயந்திரம் எதையும் தானாகச் செய்யாது. குறியும் நிதானமும் சுடுபவருடையவை. இதுதான் முதல் ஈர்ப்பு.

இரண்டாவது ஈர்ப்பு, இரும்பில் பொறித்த முத்திரைகள். வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்ததா, இங்கிலாந்தில் செய்ததா, எந்த ஆண்டு என்பதை அவை சொல்லிவிடும். ஆனால் யார் கையில் இருந்தது என்பதை முத்திரை சொல்லாது.

1942 பிப்ரவரி 15ல் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் படை சரணடைந்தது. அதனிடமிருந்து கைப்பற்றிய ஆயுதங்கள் இந்திய தேசிய ராணுவத்துக்கும் கிடைத்தன. 1943ல் நேதாஜி இங்கு வந்ததும் ஜான்சி ராணி படை உருவானது. ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்களும் அதில் துப்பாக்கிப் பயிற்சி பெற்றார்கள். பேரரசைக் காக்கச் செய்த துப்பாக்கியை, அதே பேரரசுக்கு எதிராகவும் இந்தியர்கள் ஏந்தினார்கள்.

ஜப்பானியரின் அரிசாகாவும் போல்ட் வகைதான். அதில் பேரரசரின் செவந்திப் பூ முத்திரை இருக்கும். 1945ல் சரணடைந்தபோது பல துப்பாக்கிகளில் அதைத் தேய்த்து அழித்தார்கள். முத்திரை அழியாத துப்பாக்கிக்குச் சேகரிப்பாளர்கள் இன்று கூடுதல் விலை தருகிறார்கள்.

அதே போர்க்காலத்தில், 1942 பிப்ரவரியில், பொங்கோல் கடற்கரையில் 300 முதல் 400 சீனர்களை ஜப்பானியப் படையினர் சுட்டுக் கொன்றார்கள். அந்த இடத்தில் நினைவுப் பலகை இருக்கிறது. சேகரிப்பவருக்கு முத்திரை அழியாத பூ பெருமை. அந்தப் பூவின் பெயரால் உறவினரை இழந்த குடும்பத்துக்கு அது வேறொன்று.

பழைய துப்பாக்கியை ரசிப்பதில் தவறில்லை. எந்தத் தொழிற்சாலை, எந்த ஆண்டு என்று கேட்பவர், அது யாரை நோக்கி நீண்டது என்றும் கேட்க வேண்டும். மாலையில் பொங்கோல் கடற்கரைக்கு நடக்கச் செல்பவர்கள், அந்தப் பலகையையும் ஒரு நிமிடம் நின்று படிக்கலாம்.