பீரோ கண்ணாடி – 9: வாடிப்பட்டியின் ஐந்து நிமிடம்

வாடிப்பட்டியில் காலை ஏழரை மணி. ரிப்பனைப் பல்லில் கடித்தபடி மகளுக்குச் சடை பின்னுகிற அம்மா, அதே பீரோ கண்ணாடியில் தன் முகத்தையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்கிறார். அடுப்பில் குழம்பு கொதிக்கிறது. டிபன் பாக்ஸ் இன்னும் மூடப்படவில்லை. மதுரை ஜவுளிக்கடையில் விற்பனைக்கு நிற்பவர், ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்ப்பவர், தாலுகா ஆபீஸுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போகிறவர் என்று யாராக இருந்தாலும், எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்றால் தன் முகத்துக்கென்று மிஞ்சுவது ஐந்து நிமிடம்தான்.

சென்ற வாரம் முகூர்த்த மேக்கப் பற்றிப் பார்த்தோம். அதற்கு மூன்று மணி நேரம், ஒரு பார்லர்காரர், ஒரு ஏ.சி. அறை எல்லாம் உண்டு. இந்த வாரம் அதெல்லாம் இல்லாத நாட்களைப் பற்றி. வருடத்தில் பெரும்பாலான நாட்கள் அப்படித்தான்.

ஐந்து நிமிடம் ஏன் இவ்வளவு அரிதாகிறது என்பதற்கு மத்திய அரசின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் விடை இருக்கிறது. வீட்டுவேலை செய்யும் பெண்கள் சம்பளமில்லாத அந்த வேலைக்கு ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். வீட்டுவேலை செய்யும் ஆண்களுக்கு அது 88 நிமிடம். அம்மா கண்ணாடி முன் நின்றால் நேரமாகிறது என்று முணுமுணுக்கிற வீடுகள் இந்த இரண்டு எண்களையும் ஒரு முறை பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும். அரசுப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் தாய்மாருக்குக் கொஞ்ச காலமாக ஓர் ஆறுதல் கிடைத்திருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை சிம்மக்கல் ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மாநிலம் முழுக்க உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. திட்டத்தின் நோக்கம் பிள்ளைகளின் பசி. ஆனால் ஏழு மணிக்கு ஊட்டிவிட வேண்டிய அந்த இட்லியிலிருந்து அம்மாவுக்கும் சில நிமிடங்கள் விடுபட்டன. அந்த நிமிடங்களைக் கூசாமல் எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

ஐந்து நிமிடத்தில் முகத்துக்கு என்ன செய்ய முடியும்? நிறத்தை மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். ஒரே முகத்தில் இரண்டு மூன்று நிறமாகத் தெரிவதைச் சீராக்கலாம், தூங்காத கண்ணுக்குக் கொஞ்சம் தெளிவு கொடுக்கலாம், உதட்டுக்கு உயிர் கொடுக்கலாம். அன்றாட மேக்கப் என்பது இவ்வளவுதான்.

பிள்ளை பெற்ற பெண்களிடம் முகத்தில் என்ன குறை என்று கேட்டால் பெரும்பாலோர் விரல் போய் நிற்கும் இடம் கன்னத்து மேடு. மங்கு. கர்ப்ப காலத்து ஹார்மோன்கள் தோலின் நிறமிச் செல்களைத் தூண்டிவிடுகின்றன. சிலருக்குப் பிரசவத்துக்குப் பின் அது தானாகக் குறையும். பலருக்குத் தங்கிவிடும். கருத்தடை மாத்திரையும் சிலருக்கு அதைக் கூட்டும். தங்கிய மங்குக்குத் தீனி போடுவது வெயில்.

இங்கே வாடிப்பட்டிப் பெண்களுக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது. ஊர் மதுரைக்கு வடமேற்கே சுமார் 25 கிலோமீட்டரில் இருக்கிறது. காலையில் தென்கிழக்கு நோக்கி ஓடும் பஸ்ஸில் கிழக்கு வெயில் இடப்பக்கம் விழும். மாலையில் வடமேற்கு நோக்கித் திரும்பும்போது மேற்கு வெயிலும் அதே இடப்பக்கம்தான். நம் ஊர் டவுன் பஸ்களில் பெண்கள் உட்காரும் வரிசையும் இடப்பக்கம். ஆக, தினமும் இரண்டு வேளையும் ஜன்னலோரத்தில் வெயில் வாங்குவது அவர்கள் முகம். கண்ணாடியை ஏற்றி விட்டாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. புற ஊதாக் கதிர்களில் ஏ வகை சாதாரணக் கண்ணாடியைத் தாண்டி வரும். நிலக்கோட்டைப் பக்கம் மல்லித் தோட்டத்தில் பூ எடுப்பவர்களுக்கும் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களுக்கும் ஜன்னல்கூடக் கிடையாது.

எனவே ஐந்து நிமிடத்தில் முதல் நிமிடம் சன்ஸ்கிரீனுக்கு. அது மேக்கப்பில் சேராது என்று பலர் நினைக்கிறார்கள். நம் தோலுக்கு அதுவே மேக்கப்பாகவும் ஆக முடியும். அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரின் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனை ஆய்வாளர்கள் 2010-ல் ஒன்றைக் காட்டினார்கள்: கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமே மாநிறத் தோலையும் கருத்த தோலையும் மேலும் கருக்க வைக்கிறது, வெள்ளைத் தோலில் அப்படி நடப்பதில்லை. வழக்கமான சன்ஸ்கிரீன்கள் புற ஊதாக் கதிரைத் தடுக்கும், இந்த வெளிச்சத்தைத் தடுக்காது. அதைத் தடுப்பது அயர்ன் ஆக்சைடு என்ற பழுப்பு நிறப் பொருள். அது கலந்த சன்ஸ்கிரீனைக் கடையில் டின்டட் என்று கேட்டு வாங்க வேண்டும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. சாதாரண சன்ஸ்கிரீன் போட்டால் நம் முகம் சாம்பல் பூத்தது போல ஆகிவிடுகிறது என்று எத்தனையோ பேர் பாதி ட்யூபோடு தூக்கிப் போட்டிருக்கிறார்கள். டின்டட் வகையில் அந்த வெளுப்பு வராது, மங்கும் ஓரளவு மூடிக்கொள்ளும். எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல் இருக்கட்டும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியான அளவு. பட்டாணி அளவு போதாது. குழம்பைத் தாளித்துவிட்டுப் பூசிக்கொண்டு, டிபன் பாக்ஸ் கட்டப் போய்விடுங்கள். கிளம்புவதற்குள் அது தோலில் படிந்திருக்கும்.

அதன்மேல் ஃபவுண்டேஷன் வேண்டாம். மதுரைப் பக்கத்து வெயிலில் தினசரி முகம் முழுக்க ஃபவுண்டேஷன் போடுவது என்னைக் கேட்டால் வீண் வேலை. பத்து மணிக்குள் வேர்வையோடு கைக்குட்டையில் வந்துவிடும். மங்கு அதிகம் தெரிகிற இடத்திலும் கண்ணுக்குக் கீழும் மட்டும் கன்சீலரை மோதிர விரலால் ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். கருவளையம் ஆழமாக இருந்தால் கன்சீலருக்கு முன் ஆரஞ்சு நிற கரெக்டர் ஒரு பொட்டளவு. நம் நிறத்தில் கருவளையம் நீலமும் பழுப்பும் கலந்து தெரியும். ஆரஞ்சுதான் அதை அடக்கும். கடைக்காரர் நீட்டுகிற வெளிர் நிற ட்யூப்பை நேராகப் பூசினால் கண்ணைச் சுற்றிச் சாம்பல் வளையம்தான் மிஞ்சும். நிறம் தேர்ந்தெடுக்கும்போது மணிக்கட்டில் தடவிப் பார்க்காதீர்கள். தாடை ஓரத்தில் தடவி, கடையின் ட்யூப்லைட்டை விட்டு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எது தோலில் கரைந்து காணாமல் போகிறதோ அதுதான் உங்கள் நிறம்.

பவுடரைக் கடைசியில், நெற்றி, மூக்கு, முகவாய் என்று எண்ணெய் வடியும் இடங்களில் மட்டும் ஒற்றினால் போதும். வெள்ளை டால்கம் பவுடரை முகம் முழுக்க அப்புவது நமக்கு மூன்று தலைமுறைப் பழக்கம். உங்கள் நிறத்தில் ஒரு காம்பாக்ட் இருந்தால் அது தேவைப்படாது. இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு பஃப்பால் பவுடரைத் தட்டுவதை மட்டுமாவது நிறுத்துங்கள். அந்தத் தூசு குழந்தையின் மூச்சுக்குள் போகும்.

இனி சொல்லப்போவதை நிதானமாகப் படியுங்கள். மங்கைப் போக்கும், ஒரே வாரத்தில் சிவப்பாக்கும் என்று ஃபேன்ஸி ஸ்டோர்களிலும் வாட்ஸ்அப்பிலும் லேபிள் சரியில்லாத கிரீம்கள் விற்கின்றன. கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில், ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள், சிறுநீரில் புரதம் ஒழுகும் மெம்ப்ரனஸ் நெஃப்ரோபதி என்ற நோயோடு வந்தவர்களை 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை கவனித்தார்கள். 22 பேரில் 15 பேருக்கு நெல்-1 என்ற அரிய வகை. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். காரணமாக நின்றது பாதரசம். தோல் நிறமி உருவாவதைப் பாதரசம் தடுக்கும். அதனால்தான் அந்தக் கிரீம் சொன்னபடி உடனே வேலை செய்கிறது. தோல் வழியே உடம்புக்குள் போய் சிறுநீரகத்தில் தங்குவதும் அதே பாதரசம்தான். சிறுநீரில் நுரை, கால் வீக்கம் என்று அது பிறகு தெரியவரும். அம்மா கன்னத்தில் பூசியது கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கும் குழந்தைக்கும் ஒட்டும். இந்தியாவின் 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி, தற்செயலாகக் கலந்ததாக இருந்தாலும் கிரீமில் பாதரசம் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 2023-ல் மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் ஜெனீவாவில் கூடி, பாதரசம் சேர்த்த அழகுசாதனங்களை 2025-க்குள் அடியோடு ஒழிக்க முடிவெடுத்தன.

மருந்துக்கடையில் வாங்குகிற ஸ்டீராய்டு களிம்பும் இதே வரிசைதான். முதல் மாதம் முகம் பளிச்சென்று ஆகும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, ரோமம் முளைத்து, நிறுத்தினால் எரியும். 2018-ல் 14 வகை ஸ்டீராய்டுகளின் களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு ஆணையிட்டது. ஆனாலும் பக்கத்து வீட்டு மதினி சொன்னார் என்று ட்யூப் கைமாறுகிறது. தயாரிப்பாளர் முகவரி, லைசென்ஸ் எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, சேர்மானப் பட்டியல் ஆகிய ஐந்தும் இல்லாத எதையும் முகத்தில் வைக்காதீர்கள். மங்குக்கு வைத்தியம் வேண்டுமென்றால் தோல் மருத்துவரிடம் போங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது.

கண்ணுக்கு வருவோம். நம் பாட்டிமார் ஆமணக்கெண்ணெய் விளக்கின் புகையைத் தட்டில் பிடித்து மை கூட்டினார்கள். அதற்கு நான் பயப்படுவதில்லை. பயப்பட வேண்டியது கல்லை அரைத்துச் செய்கிற சுர்மா. ஈயம் அதிகமுள்ள கலீனா தாதுவிலிருந்து அது செய்யப்படுவதுண்டு. எந்த மையானாலும் கைக்குழந்தையின் கண்ணுக்குள் இட வேண்டாம். நமக்கு, பஸ் நெரிசலில் மை வழிந்து கன்னத்துக்கு வராமல் இருக்க ஒரு வழி: கீழ் இமையின் உள்விளிம்பை விட்டுவிட்டு, மேல் இமை முடியின் அடியில் மெல்லியதாக இழுங்கள். முப்பது விநாடி வேலை. தூங்காத கண் விழித்துக்கொள்ளும்.

ஸ்டிக்கர் பொட்டு பற்றியும் சொல்லியாக வேண்டும். சில பொட்டுகளின் பசையில் உள்ள பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற ரசாயனம் தோலின் நிறமிச் செல்களை அழிக்கும். நெற்றி நடுவில் அரிப்பும் பிறகு வெள்ளைத் திட்டும் வரும். குளியலறைக் கண்ணாடியில் ஒட்டி வைத்த பொட்டையே மறுநாளும் எடுத்து வைக்கும் பழக்கம் நம்மில் யாருக்குத்தான் இல்லை? அரிப்புத் தெரிந்த அன்றே ஸ்டிக்கரை நிறுத்துங்கள். இரவில் கட்டாயம் கழற்றுங்கள்.

கடைசி நிமிடம் உதட்டுக்கு. வாடிப்பட்டி மாதிரி ஊர்களில் லிப்ஸ்டிக் போட்டால், "என்னத்தா, எங்க விசேஷம்?" என்று தெருவே கேட்கும். அந்தக் கேள்விக்காகவே எத்தனையோ பேர் வாங்கிய லிப்ஸ்டிக்கை பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார்கள். இந்தியப் பெண்களுக்கென்று லாக்மே 1952-ல் டாடா நிறுவனத்திலிருந்து பிறந்ததே, வெளிநாட்டு அழகுப் பொருட்களுக்காக அந்நியச் செலாவணி கரைவதைத் தடுக்க நேரு விரும்பியதால் என்பார்கள். ஒரு நாடே தீவிரமாக எடுத்துக்கொண்ட விஷயத்துக்கு நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. மாநிறத்துக்கும் கருத்த நிறத்துக்கும் செங்கல் நிறம், மெரூன், நாவல்பழ நிறம் நன்றாக எடுக்கும். வெளிர் பிங்க் உதட்டைச் சோகை பிடித்ததாகக் காட்டும். தயக்கமாக இருந்தால் விரலில் தொட்டு ஒற்றுங்கள். சாயம் இருக்கும், பூச்சு தெரியாது. விரலில் மிஞ்சியதைக் கன்னத்தில் இரண்டு புள்ளி வைத்துப் பரப்பினால் ப்ளஷ் தனியாக வாங்க வேண்டாம்.

சிறிய பொருளாக வாங்குங்கள். டப்பாவின் பின்னால் திறந்த மூடிப் படத்துக்குள் 6 எம், 12 எம் என்று போட்டிருப்பது, திறந்ததிலிருந்து எத்தனை மாதம் வைத்திருக்கலாம் என்பதற்கான குறி. நவராத்திரிக்கு வாங்கிய பெரிய காம்பாக்ட்டை அடுத்த நவராத்திரிக்கும் வைத்திருப்பதை விட, தீர்ந்ததும் வாங்கும் சின்ன டப்பா நல்லது. கண் வலி வந்தால் அந்த மையை அப்படியே தூக்கிப் போட்டுவிடுங்கள். காஜலையும் லிப்ஸ்டிக்கையும் அக்கா தங்கைக்குள்ளும் பகிர வேண்டாம்.

இரவு எவ்வளவு அசதியானாலும், படுக்கப் போகுமுன் கொஞ்சம் தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு மையையும் உதட்டுச் சாயத்தையும் துடைத்து, பிறகு முகம் கழுவுங்கள். பரு வரும் முகமென்றால் எண்ணெயைக் கண்ணிமைக்கும் உதட்டுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இடத்துக்கு மென்மையான ஃபேஸ் வாஷ்.

(அடுத்த வாரம்: வியர்வைக் காலத்தில் தலைமுடியும் மல்லிகைச் சரமும்)